டிஸ்கெட்டுகளை வீசிவிடாதீர்கள்: ஆண்டு மலர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயலாளர்களுக்கும் ஆண்டு மலர்க் குழுவினருக்கும்,

வணக்கம்.

வெள்ளி விழா, பொன்விழா என்று வந்தால் மண்டபத்தின் ஒரு மூலையில் ‘அந்தக் காலக் கணினி’ வைப்பது வழக்கமாகிவிட்டது. பழுப்பேறிய பெட்டி, கனத்த திரை, பக்கத்தில், தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணைக்கும் ஒரு மோடம். வருபவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டியோடு இருந்த டிஸ்கெட்டுகள், அதாவது கோப்புகளைச் சேமித்த ஃபிளாப்பி வட்டுகள், எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் போயிருக்கும், அல்லது மின்கழிவுத் தொட்டிக்கு. பெட்டியை இன்றும் எங்காவது தேடி வாங்கிவிடலாம். உங்கள் 1993 நாடக விழாவின் மேடைப் பிரதியும் செயற்குழுக் கூட்டக் குறிப்பும் உங்கள் அலமாரியைத் தவிர வேறெங்கும் கிடைக்காது.

பழைய வட்டுகளைப் படித்தெடுப்பதில் பழக்கமுள்ளவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: காட்சிக்கு வைப்பதற்கு முன் டிஸ்கெட்டுகளைப் படித்தெடுங்கள், அதிலும் எழுத்துரு இருக்கும் டிஸ்கெட்டை முதலில்.

இதை இந்த ஊரில் சொல்லக் காரணம் உண்டு. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது. அந்தத் தமிழுக்குப் பின்னால் உழைத்தவர் ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி. 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும், 2000இல் உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) பிறந்ததும் இங்கேதான். இவ்வளவு முன்னால் ஓடிய ஊரில், ஓட்டத்தின் தடயங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் ஸ்டோர்ரூமில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன.

மோடத்தின் கீச்சொலியை எல்லாரும் நினைவுகூர்கிறார்கள். அதன் வேகத்தை மறந்துவிட்டார்கள். நொடிக்கு 14.4 கிலோபிட் அனுப்பும் மோடத்தில் ஒரு டிஸ்கெட் நிறையக் கோப்பு அனுப்பக் குறைந்தது 13 நிமிடம் ஆகும். அதுவரை வீட்டுத் தொலைபேசி முடங்கிக் கிடக்கும். இன்னோர் அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்து, பல சமயம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1994இல் சிங்நெட் இணையச் சேவை வந்த பிறகும் மலர்ப் பக்கங்கள் டிஸ்கெட்டில்தான் அச்சகத்துக்குப் போயின என்றால் அதில் வியப்பில்லை. ஆகவே தேட வேண்டிய இடம் மின்னஞ்சல் பெட்டி அல்ல, டிஸ்கெட் பெட்டி.

இனி எழுத்துரு. விண்டோஸ் 2000த்தில் ‘லதா’ எழுத்துருவோடு, எல்லா மொழிக்கும் பொதுவான எண்முறையான யூனிகோடில் தமிழ் வரும்வரை, ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தன்போக்கில் எண் கொடுத்தது. கணியனுக்கு ஒன்று, முரசு அஞ்சலுக்கு ஒன்று, மயிலைக்கு ஒன்று. பிறகு திஸ்கி, 1999இல் தமிழ்நாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தது, கோப்பில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். எழுத்துரு இல்லாமல் திறந்தவர், கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார். கோப்பில் ஒரு குறையும் இருக்காது.

மாற்றித் தரும் கருவிகள் உண்டு. என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ், பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு ஓப்பன்‑தமிழ். மூல எழுத்துரு எதுவென்று சரியாகச் சொன்னால்தான் இவை பயன்படும். சொன்னாலும் சில இடங்கள் இடறும். ‘கொ’ என்பதை அன்று ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதித்தார்கள். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. வரி முறிந்த இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறு வரியிலுமாகப் பிரிந்திருந்தால் கருவி திணறும். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் ‘கௌரவம்’ நான்கெழுத்துச் சொல்லாக இல்லாமல் ‘கெளரவம்’ என்று ஐந்தெழுத்தாக விழும். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்த தட்டச்சர்களும் உண்டு. அச்சில் அது தெரியவே தெரியாது. மாற்றியதும் ‘பாடம்’ ‘பரடம்’ ஆகிவிடும். எனவே அந்த ஆண்டின் அச்சு மலரை பக்கத்தில் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பாருங்கள். மாற்றிய பிறகும் மூலக் கோப்பையும் எழுத்துருக் கோப்பையும் தூக்கிப் போட வேண்டாம். இன்றைய கருவி விட்ட பிழையை நாளைய கருவி திருத்த அவை இரண்டும் வேண்டும்.

மலரை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்திருந்தால் இன்றைய லிப்ரஆஃபிஸ் டிரா மென்பொருளில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு அப்படியே வராது, உரை கிடைக்கலாம்.

டிஸ்கெட்டைக் கையில் எடுத்ததும் செருக வேண்டாம். இங்கே ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். 3.5 அங்குல டிஸ்கெட்டின் உலோக மூடியை நகர்த்தி, நடுத் தட்டைத் திருப்பி, விளக்கொளியில் இரு பக்கமும் பாருங்கள். வெண்புள்ளியோ பனிபடர்ந்த மாதிரி மங்கலோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டிரைவின் தலை (வட்டைத் தொட்டுப் படிக்கும் பகுதி) அதை இழுத்துப் பரப்பும், பூச்சு சுரண்டிக்கொண்டு வரும், அடுத்துச் செருகும் நல்ல டிஸ்கெட்டும் கெடும். 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, அழுத்தாமல் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள். டிரைவின் தலையையும் அவ்வப்போது துடைக்க வேண்டும். இன்னும் பார்க்காத டிஸ்கெட் பெட்டிகளைக் கேமராவுக்கான உலர் அலமாரியில் வைப்பது நல்லது.

எழுதவிடாமல் பூட்டுவதை மறக்கக் கூடாது. 3.5 அங்குலத்தில் மூலைச் சதுர ஓட்டை திறந்திருந்தால் பூட்டு, 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் பூட்டு. பலர் தடுமாறுவது இங்கேதான். பூட்டாமல் விட்டால் விண்டோஸ் 95 போன்றவை செருகியதுமே முதல் செக்டரில் (வட்டின் சிறு துண்டுப் பகுதியில்) தம் குறியை எழுதிவிடும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி வெளியே எடுங்கள்.

யூ.எஸ்.பி. டிரைவ் 3.5 அங்குலத்துக்கு மட்டுமே உதவும், அதுவும் பெரும்பாலும் ஐபிஎம் வகைக் கணினிகளின் டிஸ்கெட்டுக்கு. கோப்புகளை ஒவ்வொன்றாகப் படியெடுக்காதீர்கள். டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் முழு டிஸ்கெட்டையும் ஒரே பிம்பமாக, அதாவது அச்சு அசலான ஒற்றைக் கோப்பாக, எடுங்கள். 1.44 மெகாபைட் டிஸ்கெட்டில் 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பிம்பம் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். சில செக்டர்களைப் படிக்க முடியவில்லை என்றால் வேறொரு டிரைவில் முயலுங்கள். டிரைவுக்கு டிரைவ் தலையின் நிலை சற்றே மாறும், ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிக்கும். 5.25 அங்குலத்துக்கும் பழைய 400, 800 கிலோபைட் ஆப்பிள் டிஸ்கெட்டுகளுக்கும், பழைய டிரைவை இன்றைய கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் போன்ற மின்பலகை, 34 ஊசி நாடாக் கம்பி, பழைய டிரைவ், 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தரும் மின்வழங்கி எல்லாம் வேண்டும். இதைப் பழக்கமில்லாதவர்கள் தொடாமல் இருப்பதே மேல்.

கணினியை ஓட்டிக் காட்டியே ஆக வேண்டும் என்றால், ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 110 முதல் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். பின்புறச் சிறு விசை 230இல் இருக்கிறதா என்று பாராமல் இங்குள்ள பிளக்கில் செருகினால் மின்வழங்கி வெடிக்கும். உள்ளே விரிசல் விட்ட பழைய ரிஃபா மின்தேக்கி இருந்தால், சில நிமிடம் ஓடியபின் மண்டபம் முழுதும் புகையடிக்கும். 286, 386 ரகப் பழைய கணினிகளின் பலகைகளில் உருளை மின்கலம் கசிந்து தாமிரத் தடங்களைத் தின்றிருக்கும். கசிவு காரம் என்பதால் சிறிது வினிகரால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவ வேண்டும். விழாவுக்கு முதல் நாள் இரவு செய்யும் வேலை அல்ல இது.

கடைசியாக, படித்தெடுத்ததை எங்கே கொடுப்பது? 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் சேர்க்கும் பணி சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில் நிறைவேறியது. அவை அச்சான நூல்கள். அச்சேறாத நாடகப் பிரதிகளும் கடிதங்களும் அந்த வலையில் சிக்கியிருக்க வழியில்லை. தேசிய நூலக வாரியத்தை அணுகும்போது பிம்பம், எழுத்துரு, யூனிகோடு வடிவம் மூன்றையும் ஒரே கோப்புறையில் தாருங்கள். டிஸ்கெட் ஒட்டுத்தாளின் படமும் சேரட்டும், தேதியும் பெயரும் பெரும்பாலும் அதில் மட்டுமே இருக்கும். கொடுப்பதற்கு முன் உறுப்பினர் பட்டியல்களைப் பாருங்கள். அடையாள அட்டை எண்ணும் முகவரியும் அவற்றில் இருக்கும், அழித்ததாக நினைத்த கோப்பும் பிம்பத்தில் உயிரோடு இருக்கும். நூலகத்துக்குப் போகும் படியில் அத்தகைய கோப்புகளை முழுதாக நீக்கி, முழுப் பிம்பத்தைச் செயலாளரின் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய வட்டுகளைப் படித்தெடுக்கும் தன்னார்வலர்கள் சிலர்