பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். பால் சார்ந்த மரபுக்கடத்தல், அதாவது ஆண்-பெண் குரோமோசோம் வழியாகப் பண்புகள் கடத்தப்படும் பாடம் வந்தாலே, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா, நிறக்குருடு என்றுதான் நம் கரும்பலகை நிறைகிறது. இரண்டும் அவசியம்தான். ஆனால் ஜீன் என்றாலே நோய் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. இந்த முறை பாடத்தைத் தெருப் பூனையிலிருந்து தொடங்குங்கள்.

கருப்பும் செவலையும் வெள்ளையும் கலந்த பூனையைப் பார்க்காத பிள்ளை இருக்காது. அது அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும். செவலை நிறம் தரும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். கடுவனுக்கு ஒரே எக்ஸ். செவலை அல்லது கருப்பு, ஏதாவது ஒன்றுதான் வரும். பெட்டைக்கு இரண்டு எக்ஸ். கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை முடக்கிவிடுகிறது, எதை என்பது குருட்டுப்போக்கில் நடக்கிறது. அந்தச் செல்லிலிருந்து பிரிந்து வரும் செல்கள் எல்லாம் அதே எக்ஸையே முடக்கி வைக்கின்றன. அதனால்தான் ஒரே முதுகில் இங்கே செவலைத் திட்டு, அதை ஒட்டியே கருப்புத் திட்டு. வெள்ளைக்குக் காரணம் வேறொரு ஜீன். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

முடங்கிய எக்ஸான பார் உறுப்பை 1949-ல் முர்ரே பாரும் பெர்ட்ராமும் முதலில் கண்டதே பூனையின் நரம்பு செல்களில்தான். 1961-ல் மேரி லியான் எக்ஸ் முடக்கத்தை விளக்கினார். செவலைக்கான ஜீன் எது என்பதோ 2025-ல்தான் அச்சில் வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே இடத்தைக் கண்டுபிடித்தன: ஏஆர்எச்கேப்36 ஜீனுக்குள் சுமார் 5,000 காரங்கள், அதாவது டிஎன்ஏவின் எழுத்துகள், விடுபட்டிருக்கின்றன. அறிவியல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

வகுப்பில் ஒரு கணக்கு கொடுங்கள். செவலைக் கடுவன், கருப்புப் பெட்டை. குட்டிகள் என்ன நிறம்? மகன்கள் எல்லாம் கருப்பு, மகள்கள் எல்லாம் இரண்டு நிறமும் கலந்தவை. பெற்றோரை மாற்றிப் போட்டால் மகன்கள் செவலை. பெற்றோரின் ஜீன்கள் குட்டிகளில் எப்படிச் சேரும் என்று காட்டும் புன்னெட் கட்டத்தைப் போட்டுப் பார்த்ததும் பிள்ளைகளுக்கே பிடிபட்டுவிடும்.

அடுத்து டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த முதல் குளோன் பூனை சிசியைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு மரபணு தந்த ரெயின்போ என்ற பூனை மூவண்ணப் பூனை. சிசியின் உடம்பில் செவலையே இல்லை. ஏன் என்று கேட்டுவிட்டு, பதிலை அவர்களே யோசிக்கட்டும் என்று விடுங்கள். எப்போதாவது தென்படும் மூவண்ணக் கடுவனையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்கு எக்ஸ் எக்ஸ் ஒய் இருக்கும். மனிதரில் ஆணுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையைப் பிள்ளைகள் பயமில்லாமல் புரிந்துகொள்ள அங்கிருந்து போகலாம்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆர்வலர்