சிரட்டைத் தண்ணீர்

நேற்று மாலை தம்பி எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று குறை சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு எழுதக் கை வந்தது.

கையிலிருந்த குடிதண்ணீர் தீர்ந்து, கடற்கரையில் தம்பி சுருண்டு விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நம் விருப்பத்துக்கு இறங்கித் தங்க முடியாது. அதனால் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்திலிருந்து மூக்கையூர்ப் பக்கமாகக் கரையோரம் நடந்து, மணலில் கூடாரம் அடித்த இருவர் நாங்கள்தான். திட்டியவர்களுக்கும் நன்றி, திட்டியது நியாயம்.

தேடி வந்த நாட்டுப்படகுக்காரர்கள், மீன் ஏற்றும் வண்டியில் அவனைப் படுக்கவைத்து ஓட்டிய அண்ணன், இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள், வீட்டுக்குத் தகவல் சொன்ன டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர், கடல்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா.

மலையேற்றத்துக்கென்று வாங்கிய வடிகட்டி என் கையில் இருந்தது. அது கலங்கலை வடிக்கும்; உப்பை வடிக்காது. எதிரே கடலில் நல்லதண்ணித் தீவு, அதற்கு மேற்கே உப்புத்தண்ணித் தீவு. எங்களைக் கேலி செய்யவே பெயர் வைத்தார்களோ என்னவோ. வெறிபிடித்தவன்போல் இடுப்பளவு தோண்டியிருந்தேன், ஊறியதெல்லாம் உப்பு. அக்கா குழியை எட்டிப் பார்த்து, “கிணறா வெட்டுகிறாய்?” என்றார்.

மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் முழங்கை ஆழம் மட்டும் பறித்தார். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் நிற்குமாம். ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு ஏறிவிடுமாம். பிறகு குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். ஊற்று தெளிந்ததும் தேங்காய்ச் சிரட்டையைச் சரித்து, அடிமணல் கலங்காமல் வழித்தெடுத்தார். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணிகளில் ஒன்றை அவிழ்த்து, அந்தத் தண்ணீரிலேயே அலசி, நனைத்து நனைத்துத் தம்பியின் உதட்டில் பிழிந்தார். நான் அவசரப்பட்டுச் சிரட்டையை வாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். மடமடவென்று கொடுத்தால் வாந்தி எடுப்பானாம்.

கடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தை விட்டால் அன்றைய பாசி போனதுதான் என்று பிறகு படகுக்காரர் சொன்னார். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

ஊற்றுப் பறிக்கக் கற்றுக்கொள்ளாமல் இனி எந்தக் கரையிலும் கூடாரம் அடிக்கமாட்டேன். பாசிக்குப் போகும் ஊர்க்காரர்கள் யாராவது இதை அந்த அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். விரல் துணி தம்பியின் சட்டைப்பையில் கிடந்தது. துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், அக்கா. அவன் நடக்கத் தொடங்கியதும் கொண்டுவந்து தருகிறோம்.