சனிக்கிழமைப் பின்னேரங்களுக்கு நன்றி

மண்டபத் திறப்புத் தந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டியவர்களுக்கும், ஓட்டோ ஓட்டியவர்களுக்கும், பிள்ளை பார்த்த மாமிமாருக்கும்,

நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் மட்டக்களப்பில், கல்முனை வீதியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற ஊர்கள். ஒரே பஸ், ஒரே தமிழ். ஆனாலும் சைவப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் கிறிஸ்தவப் பெண்ணும் கதிரையை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து கதைக்க, சந்தையும் ஆஸ்பத்திரி வரிசையும் போதவில்லை. அதற்கு யாராவது நேரம் பார்க்கவும் பானை கழுவவும் வேண்டியிருந்தது. எங்கள் சனிக்கிழமை வட்டத்துக்காக அந்த வேலை செய்தவர்களுக்குத்தான் இந்த மடல். மேடையில் பேசியவர்களுக்கு அன்றைக்கே மாலை போட்டாயிற்று.

முதல் நன்றி, நாளும் நேரமும் பிடித்துத் தந்த இரண்டு ஆசிரியைமாருக்கு. வெள்ளியில் ஜும்ஆவும் கோயிலும். ஞாயிறு தேவாலயம். கிழமை நாட்களில் லோன் காசு சேர்க்க வருவார்கள். குழுக் கடன் எடுத்தவள் அன்றைக்கு வீட்டைவிட்டு அசைய ஏலாது. கழித்துப் பார்த்தால் மிஞ்சியது சனி பின்னேரம் 2 மணி முதல் 5 மணி வரைதான். மத்தியான லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டு வரலாம். பொழுதுபட மஃரிப் தொழுகைக்கு அழைக்கிற வாங்குக்கு முன்னம் வீட்டில் நிற்கலாம். நடுவில் அஸர் தொழுகை வரும். 'தேவையானவர்கள் போய்த் தொழலாம்' என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். கூச்சத்தில் இருந்துவிட்டு அடுத்த சனி வராமல் நிற்பார்கள். அதனால் அந்த 15 நிமிடத்தை எல்லோருக்குமான தேத்தண்ணி நேரமாகவே அட்டவணையில் போட்டுத் தந்தார்கள். மண்டபக் காவல் ஐயா பின் அறையைக் கூட்டி, நாலு பாய் விரித்து, தொழ முன்னம் கை கால் கழுவி வுழூ செய்யக் குழாயடியில் வாளியும் வைத்தார். தொழும் திசையான கிப்லா இங்கிருந்து மேற்குக்குச் சற்று வடக்கே என்று கேட்டறிந்து, சுவரில் சோக்கால் ஓர் அம்புக்குறியும் போட்டார். ஒருவரும் கேட்டுச் செய்ததல்ல.

அடுக்களை அக்காமாரே, ராத்தாமாரே, உங்களுக்கு என்ன சொல்வது! மரக்கறிதானே, பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் உங்களிடம் ஒரு நாள் பாடம் கேட்க வேண்டும். கேக்கில் முட்டை இருக்கும், விரதக்காரர் தொடமாட்டார். ஜெலியில் ஜெலற்றின் எந்த விலங்கினது என்று தெரியாது. வனிலா எசன்சில் அல்ககோல் கலந்திருக்கலாம். மீன் காய்ச்சின சட்டியை எத்தனை தரம் உரைஞ்சினாலும் மணம் போகாது. ஆகவே கூட்டத்துக்கென்றே ஒரு புதுப் பானை, ஓர் அகப்பை, மூடியில் சிவப்பு மையால் 'மரக்கறி மட்டும்'. 24 பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், காலையில் போட்டால் வேகாமல் கல்லாய்க் கிடக்கும். 30 வாழைப்பழம். 150 மில்லிக் குவளையில் ஆளுக்கு இரண்டு தரம் என்றால் பிளேன்டீ 7 லீற்றருக்குச் சற்று மேல். இனிப்பு வேண்டுமென்றால் ஜெலிக்குப் பதில் கடற்பாசி காய்ச்சுவது. ரமழானில் தேத்தண்ணியை விட்டுவிட்டு, கூட்டத்தையே நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தள்ளி, இறைச்சி போடாத கஞ்சி வைத்தீர்கள். அந்தக் கஞ்சிக்கு இப்போது சைவ வீடுகளில்தான் கேள்வி கூட.

கதை நடத்தும் விதத்தைப் பழக்கித் தந்த தாதி அக்காவுக்கு அடுத்த நன்றி. சமயத்துக்கு 8 பேர், சமயத்துக்கு ஒருவராக மூன்று பேர் சேர்ந்தது ஒரு குழு, ஆளுக்கு மூன்று நிமிடம், இடையில் குறுக்கிடக்கூடாது. ஏதாவது ஒரு சமயத்தாரில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் கூட்டம் ஒத்திப்போடப்படும். இரண்டு பேர் மட்டும் இருந்தால் அவர்கள் காட்சிப்பொருள் ஆகிவிடுவார்கள், எல்லாக் கேள்வியும் அவர்கள் தலையில் விழும். 'உங்கட ஆக்கள் ஏன் இப்படி' என்று தொடங்கும் வசனத்துக்குத் தடை. அப்படிக் கேட்ட உடனே எதிரே இருப்பவள் தன் சமயத்துக்கு வழக்கறிஞராகிவிடுவாள், பிறகு நட்பு எங்கே வரும்? 'எங்கட வீட்டில் இப்படி' என்று தொடங்க வேண்டும். முதல் மூன்று மாதம் கடவுளைப் பற்றிக் கதையே இல்லை. குடி என்கிற வம்சப் பிரிவு பற்றித்தான். தாய்வழியில் வரும் குடிமுறை இந்தப் பக்கத்துத் தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் அப்படியே. வீட்டைக் கட்டுவது யார், காணி உறுதி யார் பெயரில், மருமகன் எத்தனை வருடம் மாமி வீட்டில்? இந்தக் கதைக்கு மூன்று நிமிடம் ஒருநாளும் காணாது.

அச்சகத் தம்பிக்கு ஒரு தனிப் பந்தி எழுதத்தான் வேண்டும். கூட்டு நாட்காட்டியை அடித்துத் தந்தது அவர்தான். பெருநாள்களைக் குறிப்பது சுலபம். ஹிஜ்ரி ஆண்டு ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னே நகரும் என்பதால் வருடா வருடம் திருத்த வேண்டும், அவ்வளவுதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், தவக்காலம், போயா எல்லாம் அதில் உண்டு. சிக்கல், போர்க்காலத்தில் சனங்கள் கொல்லப்பட்டும் காணாமற்போயும் வந்த துக்க நாள்களில்தான். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஓகஸ்ட் 12 ஏறாவூர், செப்டம்பர் 5 வந்தாறுமூலை, செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். 38 நாளுக்குள் நாலு. முதல் இரண்டில் முஸ்லிம்கள், பின் இரண்டில் தமிழர். ஒரு வீட்டின் ஆண்டுத் துக்கத்தில் மற்ற வீடு கலைவிழா வைத்தால், வட்டம் வாய்விட்டுச் சண்டை போடாது. மெல்ல ஆள் குறையும். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் காத்தான்குடிக்காரர் ஒருவர் தலைமை தாங்கிய கூட்டத்தின் குண்டு வெடித்த பிறகு காத்தான்குடிப் பெண்கள் பஸ்சில் தலை நிமிர்த்தவே தயங்கினார்கள், அதையும் மறக்கக்கூடாது. இந்த நாள்களுக்கு அவர் சாம்பல் நிறம் கொடுத்தார். எந்த ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை அச்சிடவில்லை. ஒப்பிடத் தொடங்கினால் அங்கேயே கதை முறியும்.

அந்த வாரங்களில் இரண்டு நிமிட மௌனம் மட்டும். மங்கள விளக்கு ஏற்றுவது சில முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்களுக்குச் சங்கடம் என்றதும், 'விளக்கு கோயிலில் எரியட்டும்' என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போன கோயில் செயலாளருக்கு நன்றி. கைப்பேசிகளுக்குப் பனையோலைக் கூடை பின்னித் தந்த ஆச்சிக்கும் நன்றி. படம் எடுத்தால்தான் உதவி என்ற ஒரு நிறுவனத்தின் பெயர் இந்த மடலில் இல்லை, உதவியும் எடுக்கவில்லை. ஓட்டோ அண்ணனே, ஓர் ஒழுங்கையிலிருந்து நாலு பேரைச் சேர்த்தே ஏற்றினீர்கள். தனியாக வருபவள்தான் முதலில் வராமல் நிற்பாள் என்பது உங்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

மாரி வெள்ளம் தொடங்கினால் தைப்பொங்கல் வரை கூட்டம் இல்லை. அதற்குள் புது நாட்காட்டி அச்சுக்குப் போகும். சேர்க்க வேண்டிய நாள்கள் இருந்தால் மண்டபக் காவல் ஐயாவிடம் எழுதிக் கொடுங்கள். இரவல் வாங்கிய பெரிய அண்டா ஒன்று இன்னும் எங்களிடம் நிற்கிறது. உரியவர் வந்து எடுத்துப் போகவும், கழுவித்தான் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
சனிக்கிழமை வட்டத்துப் பெண்கள்
மட்டக்களப்பு