சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு: காலி வண்டியையும் மேடையில் ஏற்றுங்கள்

சித்தூர் மாவட்ட மாம்பழக்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கும் எடையளவுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

குடிபாலா பக்கம் தோத்தாபுரித் தோப்பு வைத்திருக்கும் விவசாயி நான். தெலுங்கிலேயே எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கலாம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி ஆலைகளுக்குக் காய் போடும் நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

தானியங்கி எடைமேடை வந்ததில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. வண்டியில் ஒட்டிய அடையாள வில்லையை (டேக்) மேடையே படித்துக்கொள்கிறது, கேமரா நம்பர் பிளேட்டைப் பிடிக்கிறது, தடுப்புக் கம்பு தானாக உயர்கிறது. முன்பு எடை போடும் பையன் டீ குடிக்கப் போனால் பத்து வண்டி நிற்கும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. எங்கள் குறை காலி எடையைப் பற்றியது.

லோடு எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் காய். முன்பெல்லாம் காயை இறக்கிவிட்டு மறுபடி மேடை ஏறுவோம். இப்போது சில ஆலைகளில், பருவத் தொடக்கத்தில் ஒருமுறை காலி எடையைப் பதிந்து வைத்துக்கொண்டு, அப்புறம் வரும் ஒவ்வொரு லோடுக்கும் அதையே கழித்துவிடுகிறார்கள். வரிசை சீக்கிரம் நகரும் என்கிறார்கள். நகர்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

நீங்களே ஒரு டிராக்டரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வில்லை இருப்பது இன்ஜினில். காய் இருப்பது பின்னால் மாட்டிய டிரெய்லரில். அந்த டிரெய்லர் பாதிப் பேருக்குச் சொந்தமில்லை, வாடகைக்கு வருவது. இன்றைக்கு இரண்டு சக்கர டிரெய்லர், நாளைக்குக் கிடைத்தது நான்கு சக்கரம். ஒன்றில் பக்கப் பலகை மரம், இன்னொன்றில் தகடு. உங்கள் கணினிக்கு இது எதுவும் தெரியாது. கனமான டிரெய்லரின் எடை அதில் பதிந்திருக்க, நான் லேசான டிரெய்லரில் காய் கொண்டுவந்தால், வித்தியாசம் முழுக்க என் காயில் போகிறது. மாறி வந்தால் நஷ்டம் உங்களுக்கு. அதனால்தான் இதை யாரோ செய்கிற திருட்டு என்று நான் சொல்லவில்லை.

2025 பருவத்தில் தோத்தாபுரிக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தார்கள். (அந்த 8 ரூபாய் எத்தனை பேர் கைக்கு முழுசாக வந்தது என்பது வேறு கதை.) ஒரு லோடில் 200 கிலோ தப்பினால் அந்தக் கணக்கில் 2,400 ரூபாய் போச்சு. அரசு தருகிற பங்குக்கும் எடைக் கணக்குதானே ஆதாரம்?

பத்து கிலோ, இருபது கிலோவுக்கு நாங்கள் சண்டை போட வரவில்லை. 2009 எடையளவுச் சட்டத்தின் விதிகளே கொஞ்சம் இடம் விட்டிருக்கின்றன. பத்து பத்து கிலோவாகக் காட்டும் லாரி மேடை, 5 டன்னுக்கு மேல் 20 டன் வரையிலான பாரத்தில் 10 கிலோ கூடியோ குறைந்தோ காட்டினாலும், மேடை சரி என்று எடையளவுத் துறையின் முத்திரை விழும். அவ்வளவு நுணுக்கமாக மேடையைச் சோதித்துவிட்டு, கழிக்கிற எண்ணை மட்டும் பழைய பதிவிலிருந்து எடுத்தால் அந்த முத்திரைக்கு என்ன பொருள்?

இன்னொன்று, சிவப்பு விளக்கு. சக்கரம் மேடைக்கு வெளியே நின்றால் பச்சை விழக்கூடாது என்று இரண்டு முனையிலும் கதிர் உணரி (சென்சார்) வைத்திருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் டிரெய்லரின் பின்பக்கம் தார்ப்பாய் நுனியோ கயிறோ தொங்கினாலும் அது கதிரை மறிக்கிறது. வண்டியை முன்னே எடு, பின்னே எடு என்று டிரைவர் படாத பாடு படுவார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். கடைசியில் உள்ளே இருந்து ஒருவர் வந்து ‘மேனுவல்’ என்று மாற்றி எடையைப் பதிவார். அதில் தவறில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் சீட்டில் அந்த விவரம் வருவதில்லை. தானாக எடுத்த எடையும் கையால் பதிந்த எடையும் ஒரே மாதிரி அச்சாகின்றன.

ஆலை உரிமையாளர்களே, ஒவ்வொரு லோடுக்கும் காலி வண்டியை அன்றைக்கே மேடை ஏற்றுங்கள். வரிசை நீளுமென்றால் வெளியே போகும் வழியில் இன்னொரு சிறு மேடை போடுங்கள். சீட்டில் லோடு எடை, காலி எடை இரண்டும் நேரத்தோடு இருக்கட்டும். கையால் பதிந்ததென்றால் அதையும் அச்சடியுங்கள். அழுகல் கழிவைத் தனி வரியில் காட்டுங்கள், எடைக்குள் கலக்காதீர்கள். குறுஞ்செய்தி இப்போது மண்டிக்காரர் போனுக்கு மட்டும் போகிறது. காய்க்காரர் எண்ணுக்கும் அனுப்பினால் உங்களுக்குப் பெரிய செலவா ஆகிவிடும்?

எடையளவுத் துறை அதிகாரிகளே, முத்திரை வருஷத்துக்கு ஒருமுறை என்பது தெரியும். அதைக் காய் வருவதற்கு முன்னால், மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கற்களை மேடையின் நடுவில் மட்டும் வைக்காமல் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் சேறு அடைந்து தட்டு முட்டிக்கொண்டிருந்தால் மூலையில்தான் தெரியும். கணினியில் பழைய காலி எடைகள் பதிந்திருக்கின்றனவா என்பதையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். முத்திரை போட வரும் தேதியை குடிபாலா, யாதமரி மண்டல அலுவலகப் பலகையில் ஒரு வாரம் முன்னால் ஒட்டிவிட்டால், ஊருக்கு இரண்டு பேராவது வந்து கூட நிற்கிறோம்.

இப்படிக்கு,
குடிபாலா மண்டலத்து மா விவசாயி