நிழல் வழியாக ஏறப் போகிறவளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கி, பாதையை அடியிலிருந்து உச்சி வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டேன். "வழி முழுக்க மரநிழல்தான் அம்மா, வெயிலே படாது, ஈஸியா ஏறிடலாம்" என்று எழுதியிருக்கிறாய். நிழல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஈஸி என்பதில்தான் எனக்குச் சந்தேகம். போகாதே என்று தடுக்க இதை எழுதவில்லை. கட்டாயம் போய்விட்டு வா. ஆனால் வெட்டவெளி மலையில் கண்ணும் தோலும் தாமாகவே சொல்லிவிடுகிற பல சங்கதிகளை மரநிழல் மறைத்துவிடும். எவ்வளவு ஏறினோம், எவ்வளவு வியர்த்தது, வானம் எப்படி இருக்கிறது, பொழுது எங்கே நிற்கிறது, எதுவுமே சரியாகப் பிடிபடாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் நேரக் கணக்கு. ஒரு வழிக்கு 5 கிலோமீட்டர், ஏற்றம் 750 மீட்டர். சமதரையில் 5 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுவாய். அதை வைத்துத்தான் உன் தோழி "ஒன்றரை மணி நேரத்தில் மேலே" என்கிறாள் போல. மலை அதற்கு ஒத்துவராது. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அப்புறம் ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு இரண்டேகால் மணி நேரம் வருகிறது. அதுவும் பழகிய கால்களுக்கு, நடுவில் உட்காராமல் போனால். உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் முதல்முறை வருகிறவர்கள். அதனால் ஏறுவதற்கு மூன்றரை மணி நேரம் என்று வை. இறங்க இரண்டரை. மேலே போனபின் ஒரு மணி நேரமாவது உட்காராமல் நீங்கள் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. ஆக ஏழு மணி நேரம். பத்து மணிக்குக் கிளம்பலாம் என்ற பேச்சை இன்றைக்கே நிறுத்திவிடு. ஏழு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் கால் வைத்திருக்க வேண்டும்.

சராசரிச் சரிவு நூற்றுக்குப் பதினைந்துதானே என்பாய். சராசரியை வைத்து யாரும் மலை ஏறுவதில்லை. வரைபடத்தில் உள்ள சமஉயரக் கோடுகளைப் பார், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற கோடுகள் அவை, நெருங்க நெருங்கச் சரிவு அதிகம். ஓடையை ஒட்டிப் போகிற முதல் பகுதியில் கோடுகள் விலகி விலகி இருக்கின்றன, அங்கே பேசிச் சிரித்துக்கொண்டு போகலாம். பாதிக்கு மேல் நெருங்க ஆரம்பிக்கின்றன. கடைசிக் கிலோமீட்டரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மொத்த ஏற்றத்தில் பெரும்பகுதி அங்கேதான் குவிந்திருக்கிறது. வெட்டவெளி என்றால் எதிரே சரிவு நிமிர்ந்து நிற்பது தெரியும், மனசு தயாராகிவிடும். காட்டுக்குள் இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியாது. "அந்தத் திருப்பத்தோடு முடிந்தது" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தோன்றும். ஆகவே கண்ணை நம்பாமல், ஓடையைக் கடக்கிற இடம், முகட்டில் ஏறுகிற இடம் என்று இரண்டு மூன்று அடையாளங்களை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிக்கு வந்தோம் என்று பார்த்துக்கொள்.

ஏறும்போது வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுதான் உன் வேகம். முடியவில்லையா, அடியைக் குறுக்கு. நிற்காதே, குறுக்கு. பெரிய எட்டு எடுத்துப் பாறை மேல் ஏறுவதைவிட அதே உயரத்தைச் சின்னச் சின்னதாக மூன்று அடியில் ஏறினால் தொடைக்கு நோவு குறைவு. பின்னால் வருகிறவள் மெதுவாக வந்தால் அவளை முன்னால் விடுங்கள். கூட்டமாகப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்: வேகமாகப் போனவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து நன்றாக இளைப்பாறுவார்கள், கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, சரி கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. நீ அப்படிச் செய்யாதே.

இனி தரை. நிழல் வழியில் மண் காய்வதே இல்லை. இரண்டு நாள் முன்னால் பெய்த மழை இலைச்சருகுக்கு அடியில் அப்படியே இருக்கும். மேலே இருக்கிற சருகு மொறுமொறுவென்று காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதே, ஒரு விரல் கீழே அது ஈரமாகத்தான் இருக்கும். அதைவிட மோசம் வேர். பாதையின் குறுக்கே ஓடுகிற வேர்களை உற்றுப் பார். ஆட்கள் மிதித்து மிதித்து மேல்பட்டை உரிந்து, உள்மரம் வழவழவென்று வெளியே தெரியும். அதன் மேல் மெல்லிய ஈரம் படர்ந்திருக்கும், நிழலில் அது மினுங்கக்கூடச் செய்யாது. அதுவும் சரிவோடு சாய்வாக ஓடுகிற வேர் என்றால், கால் வைத்த மறுகணமே பக்கவாட்டில் இழுத்துவிடும். வேர் மேல் மிதிக்காமல் தாண்டி வை. தாண்ட முடியாவிட்டால் வேருக்கு மேல்பக்கம் மண் தேங்கி ஒரு படி மாதிரி இருக்கும், அதில் பாதம் முழுவதும் பதிய வை. பாசி பிடித்த பாறைக்கும் இதே விதிதான்.

பாதை வளைந்து வளைந்து போகிற இடங்களில், ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேராக ஏறிய குறுக்குத் தடங்கள் தெரியும். அவற்றில் போகாதீர்கள். நாலு பேர் ஏறிய தடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும், மண்ணை அறுத்துக்கொண்டு போகும், கடைசியில் நல்ல பாதையும் சேர்ந்து சரியும். தவிர, அதில் மிச்சமாவது ஒரு நிமிடம், தீர்ந்துபோவது உன் தொடை.

வியர்வைக்கு வருகிறேன். காட்டுக்குள் காற்று அசையாது, ஈரப்பதம் அதிகம். அதனால் வியர்வை காயாமல் சட்டையிலேயே ஊறும். வெயில் உறைக்காததால் தாகமும் எடுக்காது. மேலே போய்ச் சேரும்போதுதான் தலை விண்விண்ணென்று வலிக்கும். தாகத்துக்குக் காத்திருக்காமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் குடித்துக்கொண்டே போ. ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு, உடம்பில் உப்பு நீர்த்துப்போகும். கடிக்க உப்புள்ளதாக ஏதாவது எடுத்துக்கொள்.

அந்த ஈரச் சட்டையோடுதான் காட்சிமுனைக்கு வந்து சேர்வாய். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். உங்கள் 750 மீட்டருக்கு ஏறக்குறைய 5 டிகிரி. அது பெரிதில்லை. ஆனால் மூன்று மணி நேரம் காற்றே படாமல் நடந்தவள் மரங்களைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பத்து நிமிடத்தில் பல் கிட்டும். ஆகவே கடைசி மரத்தடியிலேயே நின்று சட்டையை மாற்றிக்கொண்டு, காற்றுத் தடுக்கிற மெல்லிய மேலங்கியைப் போட்டுக்கொண்டு அப்புறம் வெளியே வா. பைக்குள் ஒரு காய்ந்த சட்டை, பிளாஸ்டிக் உறையில் சுற்றி. இதை மட்டும் என் பேச்சைக் கேள்.

சரி, மேலே. எனக்குப் பிடித்ததே அந்தக் கடைசி இருபது அடிதான். அதுவரை கண்ணுக்கு எதிரே மரத்தண்டும் மண்ணும் மட்டுமே இருந்திருக்கும், தூரம் என்று ஒன்று இருப்பதே மறந்திருக்கும். சட்டென்று எல்லாம் திறந்துகொள்ளும். கடற்கரையில் நிற்கிறவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் தரையைவிட 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறவருக்கு, வானம் தெளிவாக இருந்தால், 110 கிலோமீட்டருக்கு மேல் தெரியும். மலை வரிசைகளைக் கவனி. கிட்டே இருப்பது பச்சை, அடுத்தது சாம்பல் கலந்த பச்சை, அதற்கடுத்தது நீலம், கடைசியில் வானத்தோடு கலந்துவிடுகிற வெளிர் நீலம். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருகிற நிறம் அது. எந்த மலை எவ்வளவு தொலைவு என்பதை அந்த நிறத்தை வைத்தே ஒருவாறு சொல்லிவிடலாம். கேமராவில் இந்த வித்தியாசம் பாதிகூட விழாது. போனைக் கொஞ்ச நேரம் கீழே வை.

இதற்காகவும்தான் சீக்கிரம் கிளம்பச் சொன்னேன். பொழுது ஏற ஏற வெயிலில் சரிவு சூடாகும், அதை ஒட்டிய காற்று மேலே ஏறும், ஏறி, குளிர்ந்து, மேகமாகத் திரளும். காலையில் துல்லியமாகத் தெரிந்த முகடு மதியத்துக்கு மேல் வெள்ளையாக மூடிக்கொள்வது இதனால்தான். பருவம் அப்படியென்றால் இடியும் கூடவே வரும். மரத்தடியில் நடக்கிற வரைக்கும் மேகம் கூடுவது உனக்குத் தெரியாது என்பதை மறக்காதே. காட்டுக்குள் மரம் விலகி வானம் தெரிகிற இடங்களில் நின்று மேலே பார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவு என்றால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அப்போது காட்சிமுனைக்குப் போகாதே. அங்கே இருந்தால் உடனே இறங்கு. தனி மரத்தடியில் ஒதுங்காதே. ஒரே உயரத்தில் அடர்ந்து நிற்கிற மரக்கூட்டத்துக்குள் தாழ்வான இடமாகப் பார்த்துப் போவது மேல்.

பாறை விளிம்பைப் பற்றிச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரி. ஆனால் படம் எடுப்பதற்காகப் பின்பக்கமாக ஓரடிகூட வைக்காதே. நிற்கிற இடத்தை முதலில் முடிவு செய், அப்புறம் படம்.

மறுபடி மரங்களுக்குள் நுழையும்போது அவசரப்படாதே. மேலே ஒரு மணி நேரம் பளீரென்ற வெளிச்சத்தில் இருந்த கண்ணுக்குக் காட்டுக்குள் முதல் சில நிமிடங்கள் எல்லாம் ஒரே கறுப்புத்தான். இருட்டுக்குக் கண் முழுவதுமாகப் பழக இருபது முப்பது நிமிடம்கூட ஆகும். உங்கள் பாதையில் அதே இடத்தில்தான் சரிவும் அதிகம், மேலே சொன்ன வேர்களும் இருக்கும். நிழலில் ஒரு ஐந்து நிமிடம் நில், ஷூக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டு. கட்டாவிட்டால் இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்னாலேயே வெட்டிவிடு. நிற்கிற அந்த ஐந்து நிமிடத்தில் கண்ணும் ஓரளவு பழகியிருக்கும்.

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தசை வாங்கும். இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைத் தாங்குகிறது. அது தசைக்குக் கடினமான வேலை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் மாடிப்படி இறங்கும்போது என்னை நினைப்பாய். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வை, குதிகாலை இடித்து இறங்காதே. ஊன்றுகோல் கிடைத்தால் இரண்டு எடுத்துக்கொள், இறங்கும்போது ஒரு பிடி நீளமாக்கு. வயசானவர்கள் சமாச்சாரம் என்று உன் அப்பா கேலி செய்வார், அவர் முழங்கால் கதையை அவரிடமே கேள். கீழே வந்ததும் கணுக்கால், முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் உண்ணி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடு. ஈரமான நிழலில்தான் அவையும் குடியிருக்கும்.

காட்டுக்குள் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். வெளியே இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும்போதே மரத்தடியில் வேர் எது, கல் எது என்று தெரியாமல் போகும். போன் விளக்கை நம்பிப் போகாதே, தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். டவர் கிடைக்காத இடத்தில் போன் விடாமல் அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் போடு. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, பெரும்பாலான போன்களில் அது அப்போதும் வேலை செய்யும். அடர்ந்த மரத்துக்கு அடியில் மட்டும் புள்ளி கொஞ்சம் தள்ளிக் காட்டும். ஒரு விசிலும் வேண்டும். ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. சில நாடுகளில் மூன்று முறை ஊதுவது வழக்கம். கத்துவதைவிட அது தூரம் போகும், தொண்டையும் தப்பிக்கும்.

திரும்புகிற நேரத்தைக் கிளம்பும் முன்னாலேயே எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். பதினொன்றரை என்று வைத்தால் பதினொன்றரைதான். உச்சி இன்னும் பத்து நிமிடத்தில் என்று யாராவது சொன்னாலும் சரி. களைத்த பிறகு எடுக்கிற முடிவை நான் நம்புவதில்லை, யாருடையதாக இருந்தாலும்.

பாதையின் பெயர், கூட வருகிறவர்கள் எண்கள், எத்தனை மணிக்குக் கீழே வருவீர்கள் என்பது, மூன்றையும் வெள்ளி இரவுக்குள் எனக்கு அனுப்பு. சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் வரை சும்மா இருப்பேன், அதற்கு மேல் இருக்க மாட்டேன். கீழே வந்ததும் முதலில் ஏரோப்ளேன் மோடை எடு. போட்டோ எல்லாம் அப்புறம் அனுப்பலாம், "இறங்கியாச்சு" என்று ஒரு வார்த்தை போதும்.

அன்புடன்,
அம்மா