‘இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?’

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைக்காட்சிப் பேட்டிகளில் நெறியாளர்களுக்குத் துணிச்சல் போதவில்லை, பிரபலங்களிடம் பணிந்து போகிறார்கள் என்று வாசகர் பகுதியில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. குரலை உயர்த்துகிறவருக்கும் விரலை நீட்டிப் பேசுகிறவருக்கும் திரையில் பஞ்சமே இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வியைக் கட்டத் தெரியவில்லை. பதில் வந்தால் அது காதில் விழுவதில்லை. இரண்டுமே தொழில் சார்ந்த குறைகள். பழகினால் சரியாகிவிடும்.

அன்றாடம் கேட்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். “பள்ளிகள் மூடப்படுகின்றன, ஆசிரியர் பணியிடங்களும் நிரப்பப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் கடுமையாகக் குற்றம்சாட்டுகின்றனவே, இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?” அமைச்சரை மடக்குவது போல ஒலிக்கும். உண்மையில் அவருக்கு நான்கு வாசல்களைத் திறந்துவிட்டாயிற்று. பள்ளிகளை விட்டுவிட்டு ஆசிரியர் நியமனத்தைப் பற்றி மட்டும் பேசலாம். ‘அவர்கள் ஆட்சியில் என்ன வாழ்ந்தது’ என்று எதிர்க்கட்சி பக்கம் திரும்பலாம். ‘கடுமையாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அரசியல் உள்நோக்கம் என்று முடிக்கலாம். எதுவும் இல்லாவிட்டால், எப்படிப் பார்க்கிறீர்கள் என்றுதானே கேட்டார்கள், ‘வேதனையோடு பார்க்கிறேன்’ என்று சொல்லிவிடலாம். நான்கில் எந்த வாசல் வழியாகப் போனாலும் ஒன்றரை நிமிடம் கரைந்துவிடும். கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார்.

இதையே “இந்தக் கல்வியாண்டில் எத்தனை பள்ளிகள் மூடப்பட்டன?” என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து சொற்கள். அடைமொழி இல்லை, எதிர்க்கட்சி இல்லை, ‘எப்படிப் பார்க்கிறீர்கள்’ இல்லை. பதில் ஓர் எண்ணாக வரவேண்டும். வராவிட்டால் வரவில்லை என்பது பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும். அனுபவமுள்ள அமைச்சராக இருந்தால், “எதுவும் மூடப்படவில்லை, அருகிலுள்ள பள்ளியோடு இணைத்திருக்கிறோம்” என்பார். பேட்டி தொடங்குவது இங்கேதான். “இணைத்த பிறகு பழைய கட்டடத்தில் வகுப்பு நடக்கிறதா?” என்ற இரண்டாவது கேள்வி எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. ‘இணைத்திருக்கிறோம்’ என்ற சொல்லைக் காதில் வாங்கியவருக்கு மட்டுமே அது தோன்றும். அதற்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளைகள் எவ்வளவு தொலைவு நடக்கிறார்கள் என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வியை அலுவலகத்தில் யாரும் எழுதித் தரலாம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் நெறியாளரின் சம்பளத்துக்கான வேலை.

அவர்கள் ஏன் காதில் வாங்குவதில்லை என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. நெறியாளரின் ஒரு காதில் டாக்பேக் இருக்கிறது, அதாவது கட்டுப்பாட்டு அறையில் பேசுவதை அவருக்கு மட்டும் கேட்கவைக்கும் சிறு கருவி. தயாரிப்பாளர் பிசிஆர் எனப்படும் அந்தக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அதன் வழியே பேசிக்கொண்டே இருப்பார்: “பிரேக்குக்கு 40 செகண்ட்”, “கூட்டணி பற்றிக் கேளுங்க”, “கேமரா இரண்டைப் பாருங்க”. எதிரே இருப்பவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒன்றை ஒப்புக்கொள்ளும் அந்த வாக்கியத்தின் மேல் ‘20 செகண்ட்’ வந்து விழுகிறது. விருந்தினர் பேசும்போது டாக்பேக் பொத்தானை அழுத்தக் கூடாது, கேள்விக்கும் கேள்விக்கும் இடையில்தான் பேச வேண்டும் என்று தயாரிப்பாளர் தமக்குத் தாமே ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதி நோய் தீரும். நேரக் கணக்கைக் காதில் சொல்ல வேண்டியதே இல்லை. தள நிர்வாகி விரலைக் காட்டினால் போதும்.

காதில் விழும் குரலால் நன்மையும் விளைந்ததுண்டு, தற்செயலாக. 1997 மே மாதம் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சியில் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியை 12 முறை கேட்டார். சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறப்போவதாக மிரட்டினீர்களா என்பது கேள்வி. நேரான பதில் கடைசிவரை வரவில்லை. துணிச்சலுக்கு உதாரணமாக இன்றும் காட்டப்படும் பேட்டி இது. ஆனால் அடுத்த செய்தித் தொகுப்பு தயாராகாததால் பேட்டியை நீட்டிக்க வேண்டியிருந்தது என்று பாக்ஸ்மனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதிலளிக்கக்கூடிய கேள்வி அது. சொற்களும் ஏறக்குறைய மாறவில்லை. ஒவ்வொரு முறையும் கேள்வியை மாற்றிக் கேட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பதில் கிடைத்திருக்கும், நழுவியது தெரிந்திருக்காது. நம் நெறியாளர்கள் இரண்டாம் முறை கேட்கும்போது கேள்வியை நீட்டிவிடுகிறார்கள். சுருக்க வேண்டும்.

நேரக் கணக்கு: அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22 முதல் 24 நிமிடம் கிடைக்கும். ஒரு பதிலுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் வைத்தால் 14 முதல் 16 கேள்விகள். அவற்றில் பாதி, பதிலிலிருந்து பிறக்கும் தொடர்கேள்விகளாக இருக்க வேண்டும். ஆக, தாளில் ஏழெட்டுக்கு மேல் எழுதிக்கொண்டு போனாலே தவறு. 40 கேள்விகளோடு உட்காருபவர் பதிலைக் கேட்க மாட்டார், தாளைக் காலி செய்யவே பார்ப்பார். எழுதிவைக்க வேண்டியவை கேள்விகளை விட ஆதாரங்கள்தான்: எந்தத் தேதி, எந்த மன்றம், எந்த வாக்கியம், எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம். “நீங்கள் முன்பு வேறுமாதிரி சொன்னீர்களே” என்றால் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்பதோடு கதை முடிந்துவிடும். தாளை எடுத்து வாசித்தால் அது நடக்காது.

1977-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ரிச்சர்ட் நிக்சனை டேவிட் ஃப்ராஸ்ட் பேட்டி கண்டபோது 12 நாள்களில் ஏறத்தாழ 29 மணி நேரம் ஒளிப்பதிவானது. நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய பகுதியில் ஃப்ராஸ்டின் கையில் வலுவாக இருந்தது, அவருடைய ஆய்வாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர் தேடி எடுத்துத் தந்த, ஓர் உரையாடலின் எழுத்துப்படி. பொதுவெளியில் அதுவரை பேசப்படாதது அது. நிக்சனுக்கு 6 லட்சம் டாலர் தந்துதான் அந்தப் பேட்டி வாங்கப்பட்டது. காசு கொடுத்துப் பேட்டி எடுப்பது சரியா என்ற விமர்சனம் அன்றே எழுந்தது, நியாயமானதும்கூட. ஆனால் கேள்விகளை முன்கூட்டிப் பார்க்கவோ தொகுப்பில் கைவைக்கவோ அவருக்கு உரிமை தரப்படவில்லை. இன்று காசு வாங்காமல் வருகிற பிரபலங்களுக்கு அந்த இரண்டையும் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம்.

கடினமான கேள்வியை எங்கே வைப்பது என்பதில் எல்லோருக்கும் பொருந்தும் விதி இல்லை. நேரலை என்றால் முதல் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒத்திவைத்தால் விருந்தினர் நேரத்தை ஓட்டிவிடுவார். அவருக்கும் கடிகாரம் தெரியும். அதற்காக வாசற்படியிலேயே வைத்தாலும் ஆபத்துதான். 2007-இல் பத்திரிகையாளர் கரண் தாப்பருக்கு அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி அளித்த பேட்டி, 2002 கலவரத்தையொட்டி அவருக்கு ஏற்பட்ட பெயரைப் பற்றிய கேள்வியோடு தொடங்கிச் சில நிமிடங்களில் முடிந்துபோனது. அவர் மைக்கைக் கழற்றிய காட்சி இன்றும் சுற்றுகிறது. ஆனால் பார்வையாளருக்குக் கிடைத்த பதில் என்ன? எழுந்து போவது தொலைக்காட்சிக்கு வெற்றியாகத் தெரியலாம், பேட்டிக்கு அது தோல்விதான்.

கலைஞர்களிடம் எல்லாம் தலைகீழ். அரசியல்வாதியிடம், ஆம், இல்லை அல்லது ஓர் எண் என்று மட்டுமே பதில் வரக்கூடிய மூடிய கேள்வி வேண்டும். கலைஞரிடம் விரிவாகப் பேச இடம்தரும் திறந்த கேள்வி வேண்டும், ஆனால் மிகக் குறுகிய இடத்தில் திறக்க வேண்டும். “உங்கள் இசைப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்பது கேள்வியே அல்ல, மேடையில் மைக்கை நீட்டுவது. அதற்கு வரும் பதிலை அவர் நூறு முறை சொல்லியிருப்பார். “அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் தாளவாத்தியம் எல்லாம் நின்றுவிடுகிறதே, அது எழுதும்போதே முடிவானதா, ஒலிப்பதிவில் வந்ததா?” என்று கேட்டால் அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். இவர் கேட்டிருக்கிறார் என்று புரிந்துகொள்வார். அப்புறம் நீங்கள் கேட்காததையும் சொல்வார். இதற்குப் பாட்டைக் கேட்டுவிட்டு வரவேண்டும், நூலைப் படித்துவிட்டு வரவேண்டும். பட வெளியீட்டை ஒட்டி ஒரே அறையில் வரிசையாக ஒவ்வோர் ஊடகத்துக்கும் ஏழு நிமிடம் என்று பங்கு வைக்கிறார்களே, அங்கே எதுவும் நடக்காது. அதைப் பேட்டி என்று விளம்பரப்படுத்தாமல் இருந்தாலே புண்ணியம்.

பதில் முடிந்தபின் மூன்று நான்கு நொடி பேசாமல் இருப்பதும் ஒரு கேள்விதான். விருந்தினர் அந்த வெற்றிடத்தைத் தாமே நிரப்புவார். பெரும்பாலும் ஒத்திகை பார்க்காத வாக்கியத்தால். 1959 முதல் 1962 வரை பிபிசியில் ஜான் ஃப்ரீமன் நடத்திய பேட்டித் தொடரில் கேமரா விருந்தினரின் முகத்தை நெருங்கிப் பிடித்தபடி இருக்கும், பேட்டியாளர் முகத்தையே காட்டமாட்டார்கள். நம் திரையில் ஒரு மௌனம் விழுந்தால் உடனே அகலக் காட்சிக்குத் தாவுகிறார்கள், பின்னணி இசையை ஏற்றுகிறார்கள். திரை முழுக்க முகம் இருக்க வேண்டிய நேரத்தில் கீழே மூன்று பட்டைகளில் எழுத்து ஓடுகிறது.

ஊடகக்காரர்களை ஊடகக்காரர்களே பேட்டி காண்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘அண்ணே, உங்களைப் பார்த்துத்தான் நாங்கள்லாம் தொழிலுக்கே வந்தோம்’ என்று தொடங்கிய பேட்டியில் அந்த அண்ணன் வெளியிட்ட தவறான செய்தியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து, பார்வையாளர் அறிந்திருக்க வேண்டியது தொகுப்பு மேசை. ஒரே கேமராவில் எடுக்கும் பேட்டியில் விருந்தினர் பேசுவதை முழுக்கப் பதிவு செய்துவிட்டு, பிறகு கேமராவைத் திருப்பி நெறியாளர் கேள்விகளை மறுபடி கேட்பதையும் தலையாட்டுவதையும் தனியாக எடுப்பார்கள். பல நேரங்களில் விருந்தினர் கிளம்பிப் போயிருப்பார். இது பழைய வழக்கம், தப்பில்லை. மறுபடி கேட்கும்போது கேள்வி சற்றுக் காரமாகிவிட்டால்தான் மோசடி: கேட்டது ஒன்று, பதில் வேறொன்றுக்கு. முதல் பதிவிலிருந்து கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுத்து, அதை வைத்துத்தான் மறுபதிவு செய்ய வேண்டும். அந்தத் தலையாட்டல்கள் இன்னொன்றுக்கும் பயன்படும். பதிலின் நடுவில் வெட்டி ஒட்டினால் முகம் சட்டென்று குதிக்கும். அதை மறைக்க அந்த இடத்தில் நெறியாளர் தலையாட்டும் காட்சியை வைப்பார்கள். விருந்தினரின் குரல் ஓடிக்கொண்டிருக்க, திரையில் நெறியாளர் முகமோ விருந்தினரின் கைகளோ வந்தால் அங்கே வெட்டு இருக்கலாம் என்று ஐயப்படுங்கள். முன்னால் இருக்கும் கண்ணாடிக் குவளையையும் கவனியுங்கள். பாதி குடித்த தண்ணீர் அடுத்த பதிலில் நிறைந்திருந்தால் வரிசை மாறியிருக்கிறது. வெட்டு காதிலும் சிக்கும்: ஏசியின் இரைச்சல் சட்டென மாறும், அல்லது மூச்சு இழுக்கும் ஓசை இரண்டு முறை வரும். இந்தத் தையல் தெரியாமல் இருக்கத்தான் பேட்டி முடிந்ததும் அறையின் வெறும் ஓசையை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்கிறார்கள்.

எளிய விஷயங்களிலும் கோட்டை விடுகிறோம். காலர் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே, துண்டோ சங்கிலியோ உரசாத இடத்தில் இருக்க வேண்டும். சுழலும் நாற்காலி வேண்டவே வேண்டாம். பதற்றத்தில் இருப்பவர் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருப்பார், தொகுக்கும்போது எந்த இரண்டு காட்சியும் பொருந்தாது. நெறியாளர் கேமராவுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தால்தான் விருந்தினரின் இரு கண்களும் தெரியும்.

பேட்டியை எப்படிப் பெற்றோம் என்பதும் பேட்டியின் பகுதியே. 1995 நவம்பரில் பிபிசியில் ஒளிபரப்பான இளவரசி டயானாவின் பேட்டியைப் பெற, செய்தியாளர் மார்ட்டின் பஷீர் போலி வங்கி ஆவணங்களைக் காட்டி டயானாவின் சகோதரரின் நம்பிக்கையைப் பெற்றார் என்று 2021-இல் பிபிசி நியமித்த, முன்னாள் நீதிபதி டைசனின் விசாரணை அறிக்கை கூறியது. பேட்டியில் டயானா சொன்னவை அவருடைய சொற்கள்தான். ஆனாலும் அந்தப் பேட்டியைப் பழையபடி யாராலும் பார்க்க முடியவில்லை. இங்கே போலி ஆவணம் வேண்டியதில்லை, ‘இந்த மூன்று விஷயங்களைத் தொடமாட்டோம்’ என்ற வாய்மொழி ஒப்பந்தமே போதும். அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒரு வரி எழுத்தாகப் போடட்டும்: ‘இன்னின்னவை பற்றிப் பேச விருந்தினர் மறுத்துவிட்டார்.’ அந்த வரி திரையில் வரும் என்று தெரிந்தாலே பல நிபந்தனைகள் தளர்ந்துவிடும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. தொலைக்காட்சிப் பேட்டியில் வந்த ஒரு வரி மறுநாள் தலைப்புச் செய்தியாகிறது. எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்பது செய்தியில் இருப்பதில்லை. ஐந்து சொல் கேள்விக்குச் சொன்னதா, ‘என்கிறார்களே’ என்று நெறியாளர் வாயில் போட்டுக்கொடுத்ததற்கு ‘ஆமாம்’ என்றதா என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா? இனி அத்தகைய செய்திகளில் பதிலுக்கு மேலே கேள்வியையும் அப்படியே அச்சிடுங்கள். நேரலையா, தொகுக்கப்பட்டதா என்பதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வரி இடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பில் உள்ள ஒரு வாசகர்