போய் மன்னிப்புக் கேள், மனசே

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டதற்கு நீ மழுப்பியிருக்கிறாய், அதை அப்புறம் கவனிக்கிறேன்.

போர்ச்சுகீசு படிப்பதைச் சொன்னேன் இல்லையா? இப்போது பாடப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'இன்சென்சதேஸ்' என்ற பிரேசில் பாட்டு, யோசனையில்லாத்தனம் என்று அர்த்தம். மெட்டு டாம் ஜோபிம், வரிகள் வினீசியஸ் டி மொராயிஸ். மொராயிஸ் கவிஞர், பிரேசிலின் தூதரக அதிகாரியாகவும் இருந்தவர். 1961-இல் ஜொவாவ் ஜில்பெர்த்தோ பாடியதைக் கேள். குரலை உயர்த்தவே மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

பாட்டில் ஒருவன் தன் மனசையே நிற்க வைத்துத் திட்டுகிறான். அத்தனை மென்மையான அன்பை அழ வைத்துவிட்டாயே என்கிறான். 'தெசல்மாதோ' என்று வைகிறான். 'அல்மா' என்றால் ஆன்மா, அது இல்லாத ஜென்மம் என்று வசவு. 'டோர்' என்றால் வலி, பல்வலிக்கும் மனவலிக்கும் அதே சொல்தான். காற்றை விதைப்பவன் புயலை அறுப்பான் என்று அறிவு எச்சரிக்கிறது. நம்மூர் வினை விதைத்தவன்தான், வேறென்ன! கடைசியில் 'போ, பெர்தாவ் கேள்', அதாவது மன்னிப்புக் கேள், என்று மனசை அனுப்பி வைக்கிறான். பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் 'தெஸ்குல்ப' போதும். பெர்தாவ் கடவுளிடமும் கேட்கிற சொல். கேட்காதவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது என்றும் பாட்டு சொல்கிறது. நார்மன் கிம்பெல் எழுதிய ஆங்கில வடிவத்தில் அவன் நடந்ததை நினைத்து வருந்துவதோடு சரி, யாரிடமும் போவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. உன் தங்கச்சி போன் செய்தாள். பெரிய அண்ணனோடு உனக்குப் பேச்சுவார்த்தையே இல்லையாமே? கிணற்றுப் பங்கு விஷயத்தில் அவர் செய்தது அநியாயம்தான், நான் அவர் பக்கம் பேச வரவில்லை. ஆனால் அண்ணி என்னடா செய்தார்கள்? பந்தியில் எல்லார் முன்னாலும் அவர்களை அப்படிப் பேசினாயாம். ஹாஸ்டல் லீவுக்கு வந்தபோதெல்லாம் உனக்கும் எனக்கும் சேர்த்துச் சோறு போட்ட கை. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

கிணற்றை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். நீ அண்ணியிடம் போ. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, அடுப்படிக்கே நேராகப் போய்ச் சொல்லிவிடு. தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தால் எழுது, சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுகிறேன், சேர்ந்தே போவோம். அந்தக் கோழிக் கதையை மட்டும் அங்கே எடுக்காதே.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்